அடிப்பக்கம்

மேலே எப்போதும் பளபளப்பாய்த்தான் இருக்கும்.
எர்ணாவூர் பாலம் ஏறும்போது
வெயில் பட்டால் கண் கூசும் என் வெள்ளை இண்டிகா.
சவாரிக்கு வருகிறவர்கள் மேலேதான் பார்ப்பார்கள்.

கார்த்திகை பிறந்தால் எனக்குக் கீழேதான் பயம்.

கல் கொட்டிய கரைக்கு இந்தப் பக்கம் ரோடு,
ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு.
இரவெல்லாம் அலை கல்லில் மோதித் தூளாகி
காற்றிலேறி வந்து பானட்டில் உட்காரும்.
விடியலில் விரலால் தொட்டு நக்கினால்
கருவாட்டு உப்பு.
அதன்மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
அதன்மேல் பனி.
மூன்றும் இரும்போடு சேர்ந்தால் என்ன ஆகுமென்று
பத்தாம் வகுப்பில் நடத்தினார்கள்.
அப்போது என்னிடம் கார் இல்லை, கவனிக்கவில்லை.

மூர் மார்க்கெட்டில் அறுநூறு ரூபாய்க்கு
உறை வாங்கிப் போர்த்தினேன்.
தண்டையார்ப்பேட்டை டிங்கர் ஜெலானி பாய்
தலையில் அடித்துக்கொண்டார்.
"ஈரத்தோட மூடி வெச்சா உள்ளார வேர்க்கும்பா.
பொணத்தயா மூட்ற? காத்தாட வுடு."

சுத்தியலின் பின்பக்கத்தால்
தட்டிக்கொண்டே போனார்.
டங். டங். டங்.
பின்கதவுக்குக் கீழே வந்ததும்
தப்.
நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்பே தெரியும்.
ஐப்பசி வெள்ளம் சீட் வரை நின்று வடிந்த பிறகு
ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஒரு சவாரி.
பின்சீட்டுக் குழந்தை மிதியடியை விலக்கி
"அம்மா, ரோடு ஓடுது!" என்று கைதட்டியது.
கையிலிருந்த ரெண்டு ரூபாய்க் காசை
ஓட்டைக்குள் போட்டும் பார்த்தது.
அந்தப் பெண் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.
இறங்கும்போது ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தாள்.
நானும் கேட்கவில்லை.

துருவை வெட்டித் தகடு வைத்து
ரெட் ஆக்சைடு அடித்து
நாலாயிரத்து முந்நூறு.
"இனிமே வாரம் ஒருவாட்டி அடில கழுவு,
நல்ல தண்ணில.
போர் தண்ணி ஊத்துனா
கடல்ல எறக்குன மாதிரிதான்."

நல்ல தண்ணி.
எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு
எல்லோர் காதும் திரும்பும்.
லாரி வந்தால் வீட்டுக்கு எட்டுக் குடம்.
அதில் ஒன்றைக் கிளாடிஸிடம் கேட்டேன்.
"ஏன், வண்டிக்கு தாகமா?"
"எஃப்.சி. போச்சுன்னா டியூ கட்ட முடியாது."
அவள் குடங்களை எண்ணினாள்.
திரும்ப எண்ணினாள்.
உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சவாரி முடிந்து வந்தால்
கூரை ஷீட்டின் விளிம்புக்குக் கீழே
மணலி கம்பெனிப் பெயர் பாதி அழிந்த நீல டிரம்.
வாயில் அவளுடைய பழைய துப்பட்டா,
சாம்பல் வடிகட்ட.
"மானத்துத் தண்ணில உப்பு இருக்காதுல்ல?"

எந்த மழை வண்டியை மூழ்கடித்ததோ
அதே மழை சொட்டிக்கொண்டிருந்தது டிரம்முக்குள்,
ஒன்றும் தெரியாததுபோல.

ஞாயிறு காலை பூசைக்குப் போய் வந்ததும்
கோணி விரித்துக் கீழே படுத்தேன்.
அவள் வெளியிலிருந்து மொண்டு ஊற்ற ஊற்ற
சக்கர வளைவுக்குள் கைவிட்டுத் தேய்த்தேன்.
சிவந்த தண்ணீர் நெற்றியில் விழுந்து
காதுக்குள் போனது.
கதவடியில் அடைத்திருந்த துளைகளை
அவள் கொண்டை ஊசியால் குத்தினாள்.
சளி பிடித்த பிள்ளைபோல
கறுப்பாய்ச் சிந்தியது கதவு.
கொண்டை ஊசியை முகர்ந்து பார்த்து முகம் சுளித்து
பாவாடையில் துடைத்து
மறுபடி தலையில் செருகிக்கொண்டாள்.

எஃப்.சி. அன்று
ஹாரன் அடிக்கச் சொன்னார்கள்.
லைட் போடச் சொன்னார்கள்.
வைப்பர் ஆடுகிறதா என்று பார்த்தார்கள்.
ஒருவரும் குனியவில்லை.

சொன்னதும் கிளாடிஸ் சிரித்தாள்.
"குனிஞ்சிருந்தா மட்டும் என்ன?
பாக்கட்டுமே."

மார்கழி முடிய இன்னும் ஒன்பது நாள்.
டிரம்மில் ஒரு சாண் தண்ணீர் இருக்கிறது.
கோணி இன்னும் காயவில்லை.